ஐந்தே வாரத்தில் வந்தவள்

காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு மணி அடித்ததும் நாற்பத்திரண்டு தையல் மெஷின்களும் ஒன்றாக இரைய ஆரம்பித்தன. ஸ்லோவாக்கியாவில் வாஹ் ஆற்றங்கரையில் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் ஆலை அது. மூன்றாவது லைனின் சூப்பர்வைசர் ராத்மிலா, கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டபடி மெஷின் மெஷினாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பதினேழாம் மெஷின் பக்கத்தில் வந்ததும் நின்றாள். மற்றவர்களின் துண்டுகளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகர்ந்தவள், இந்தத் துண்டை மட்டும் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். தையல் ஓரிடத்தில்கூடப் பிசகவில்லை. நாடாவால் அளந்தாள். அளவும் சரியாகத்தான் இருந்தது.

"சரியா இருக்காக்கா?" என்று கேட்டாள் யாகோதா, காலை பெடலிலிருந்து எடுக்காமலே.

"இருக்கு, இருக்கு. வேகத்தைக் குறை. இது ஒண்ணும் ஓட்டப்பந்தயம் இல்ல" என்று சொல்லிவிட்டு ராத்மிலா நகர்ந்தாள். துண்டில் ஒரு குறை இருந்திருந்தால் அன்றைய பொழுது அவளுக்கு நன்றாகப் போயிருக்கும்.

இருவரும் செர்பியாவில் ஒரே ஊர்க்காரர்கள். லெஸ்கோவாத்ஸில் ஒரே மில்லில், அடுத்தடுத்த மெஷின்களில் உட்கார்ந்து துணி தைத்தவர்கள். மில்லை இழுத்து மூடியபோது ராத்மிலாவுக்கு முப்பத்தேழு வயது, கணவனை இழந்தவள், பதின்மூன்று வயதில் நேனாத் என்று ஒரு பையன். அவனைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு அவள் ஸ்லோவாக்கியாவுக்கு வேலை தேடிப் புறப்பட்டாள். யாகோதா அவளைவிடப் பத்து வயது இளையவள். ஊரிலேயே தங்கிக் கல்யாணம் செய்துகொண்டாள், ஒரு பெண்ணைப் பெற்றாள், விவாகரத்தும் வாங்கினாள்.

ராத்மிலா பட்ட பாடு ஆலையில் எல்லோருக்கும் தெரியும். அவளே சொல்லியிருக்கிறாள், ஒரு தடவை அல்ல, நூறு தடவை. இந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் இல்லை என்று நிரூபிக்க முதலில் மாதக்கணக்கில் விளம்பரம் போட்டு வைத்தார்கள். பிறகு மில் சான்றிதழை மொழிபெயர்த்து முத்திரை வாங்கினாள். குற்றப் பின்னணி இல்லை என்ற சான்றிதழ் தொண்ணூறு நாளில் காலாவதியாகிவிட்டது. ஊருக்குப் போய் மறுபடி வாங்கி வந்தாள். அதற்குள் வேறொரு காகிதம் காலாவதியாகியிருந்தது. இப்படியே பதினொரு மாதம். வேலை அனுமதி கிடைத்த பிறகு மகனை அழைத்துக்கொள்ள அலைந்தது தனிக்கதை. இரண்டு தடவை மறுத்தார்கள். மூன்றாவது தடவை எல்லாக் காகிதமும் கூடி வந்தபோது நேனாத்துக்குப் பதினெட்டு முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. பதினெட்டு முடிந்த பிள்ளை குடும்பம் என்ற கணக்கில் வராது என்று சொல்லிவிட்டார்கள். அவன் ஊரிலேயே ஒரு பெட்ரோல் பங்க்கில் சேர்ந்துகொண்டான். இப்போது அவனுக்கு இருபத்திரண்டு. பண்டிகைக்குப் பண்டிகை கூப்பிடுவான். "நல்லாயிருக்கியா? நல்லாயிருக்கேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்த நிலையில்தான் யாகோதா வந்து சேர்ந்தாள்.

வருவதற்கு முன்னால் ராத்மிலாவிடம்தான் போனில் விசாரித்தாள். "கனவு காணாத. ஒரு வருஷம் நாயா அலையணும். பேசாம அங்கயே ஏதாவது பாத்துக்க" என்று ராத்மிலா சொல்லியிருந்தாள். பொய்யாகச் சொல்லவில்லை, தனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னாள். ஆனால் சட்டம் மாறியிருந்தது. ஆள் கிடைக்காத தொழில்கள் என்று அரசு ஒரு பட்டியல் போட்டிருந்தது. அதில் லாரி ஓட்டுகிறவர்களும் வெல்டர்களும் இருந்தார்கள். தையல் மெஷின் ஓட்டுகிறவர்களும் இருந்தார்கள். அந்த வேலைகளுக்கு வெளிநாட்டு ஆட்களை எடுக்க விளம்பரமும் இல்லை, காத்திருப்பும் இல்லை. விண்ணப்பத்தைக் கொடுத்த கையோடு வேலையில் உட்காரலாம். அனுமதி அட்டை பின்னால் வரும்.

விசாரித்த நாளிலிருந்து எண்ணினால் ஐந்தாவது வாரம் யாகோதா பதினேழாம் மெஷினில் உட்கார்ந்திருந்தாள்.

ஐந்து வாரம். ராத்மிலாவுக்கு அந்தக் கணக்கு தொண்டையில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. பல் துலக்கும்போது நினைவு வந்தது, பஸ்ஸில் நிற்கும்போது நினைவு வந்தது. அவள் முதல் நான்கு வருஷம் ஆறு பேர் படுக்கும் விடுதி அறையில் கிடந்தாள். யாகோதாவுக்கு இரண்டு அறை வீட்டை ஆலையே பார்த்துக் கொடுத்தது. ராத்மிலா ஸ்லோவாக் மொழியைத் தப்பாகப் பேசியபோது உள்ளூர்ப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். யாகோதா தப்பாகப் பேசினால் "இப்படிச் சொல்லணும் கண்ணு" என்று திருத்திவிட்டுத் தங்கள் தட்டிலிருந்து ஒரு கேக் துண்டையும் எடுத்து வைத்தார்கள்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் உருளைக்கிழங்கு உருண்டைகளைக் கிளறிக்கொண்டே யாகோதா சொன்னாள்: "நீங்க என்னமோ பயமுறுத்தினீங்களேக்கா. எனக்கு ஒரு கஷ்டமும் தெரியல. ஒரு வாசல்ல நுழைஞ்சேன், அடுத்த வாசல்ல வெளிய வந்துட்டேன். செப்டம்பர்ல துன்யாவையும் கூட்டிட்டு வந்துட்டா முடிஞ்சுது."

துன்யா அவளுடைய எட்டு வயது மகள். ஊரில் யாகோதாவின் அண்ணன் வீட்டில் இருந்தாள்.

"அவ அப்பன் விடுவானா?"

"பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள பெர்மிட்டைக் காட்டு, கையெழுத்துப் போடறேன்னு சொல்லியிருக்கான். இல்லேன்னா நிஷ் நகரத்துல அவன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவானாம். அதுதான் வந்துடுமே. இப்ப என்ன, எல்லாம் லேசாயிடுச்சே!"

ராத்மிலா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். அதற்கு மேல் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 'லேசாயிடுச்சு. உனக்கு லேசாயிடுச்சு' என்று மனம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஜூலை இரண்டாவது வாரம் ஆலைக்கு ஒரு கடிதம் வந்தது. வெளிநாட்டு ஆட்களுக்கு வரும் அரசுக் கடிதங்களைப் படித்துச் சொல்வது ராத்மிலாவின் பொறுப்பு. மொழி தெரிந்தவள், ஒன்பது வருஷ அனுபவக்காரி என்று நிர்வாகத்தில் ஓல்கா மேடம் கொடுத்திருந்த வேலை அது. உறையைப் பிரித்தாள். வெளிநாட்டவர் விவகாரம் பார்க்கும் போலீஸ் அலுவலகத்திலிருந்து யாகோதாவுக்கு வந்திருந்தது. வீடு கொடுத்திருப்பவரின் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்து நோட்டரியால் சான்றளிக்கப்படவில்லை. பதினைந்து நாளுக்குள் சரிசெய்து கொடுக்கவும். தவறினால் விண்ணப்பம் முடித்துவைக்கப்படும்.

அரைநாள் வேலைகூட இல்லை. வீட்டுக்காரர் இம்ரிஹைக் கூட்டிக்கொண்டு நோட்டரியிடம் போய் ஒரு கையெழுத்துப் போடச் சொன்னால் முடிந்தது. ராத்மிலா கடிதத்துடன் எழுந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் யாகோதா பக்கத்து மெஷின்காரியோடு ஏதோ சொல்லித் தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ராத்மிலா மறுபடி உட்கார்ந்தாள். இழுப்பறையைத் திறந்து கடிதத்தை உள்ளே வைத்தாள். 'நாளைக்குச் சொல்லிக்கலாம்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். 'நாலு நாள் காத்திருந்தா என்ன கொறைஞ்சுடும்? நான் பதினொரு மாசம் இருந்தேன்.'

மறுநாள் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று நடந்தது. பல வாரங்களுக்குப் பிறகு அவளுக்குச் சாப்பாடு ருசித்தது. யாகோதாவைப் பார்க்கும்போது வயிறு எரியவில்லை. காபி நேரத்தில் அவளாகவே அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"அக்கா, போலீஸ் ஆபீஸ்லேருந்து ஏதாவது வந்துச்சா?"

"வந்தா சொல்ல மாட்டேனா? ஆபீஸ் வேலைன்னா அப்படித்தான், பொறுமையா இருக்கணும். உன் அவசரத்துக்கு நடக்காது."

"இல்லக்கா, முன்னாடி எல்லாம் வேகமா நடந்துச்சே, இப்ப ஏன் இழுக்குதுன்னு..."

"எனக்கு இழுக்கலையா? நான் உயிரோட இல்லையா?"

யாகோதாவின் முகம் சுருங்கியது. அதைப் பார்க்க ராத்மிலாவுக்கு இதமாக இருந்தது. தான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்த ஒரு குளிர்ந்த பெஞ்சில், பக்கத்தில் இன்னொருத்தி வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது.

பதினோராம் நாள் அவளுக்கே பயம் வந்தது. கெடுவுக்கு இன்னும் நான்கு நாள்தான். கடிதத்தை எடுத்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டு லைனுக்குப் போனாள். இப்போதுதான் வந்தது என்று சொல்லிக் கொடுத்துவிடலாம். உறையைத் தொலைத்துவிட்டால் ஆலைக்கு வந்த தேதி யாருக்குத் தெரியப்போகிறது?

அவளைப் பார்த்ததும் யாகோதா போனை நீட்டினாள். "இங்க பாருங்கக்கா, துன்யா. நான் அனுப்பின புத்தகப் பையை மாட்டிக்கிட்டுப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கா. இங்க எந்த கிளாஸ்ல சேப்பாங்கன்னு தினம் கேக்கறா."

படத்தில் பெண் இரண்டு கையாலும் பையின் பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்பல் ஒன்று இல்லை. ராத்மிலா பார்த்துக்கொண்டே நின்றாள். நேனாத்துக்கு இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர வயது இருந்தபோது அவளால் அவனை ஒரு நாள்கூட அழைத்துவர முடியவில்லை. அவன் கடைசியாக எப்போது அவளுக்கு ஒரு போட்டோ அனுப்பினான் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவு வரவில்லை.

"நல்லா இருக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள். கடிதம் மறுபடி இழுப்பறைக்குள் போயிற்று.

ஆகஸ்ட் முதல் வாரம் ஓல்கா மேடம் இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் வேறொரு கடிதம் இருந்தது.

"யாகோதாவோட விண்ணப்பத்தை மூடிட்டாங்க. வீட்டுக்காரர் கையெழுத்தைச் சரி பண்ணித் தரச் சொல்லி நோட்டீஸ் அனுப்பினாங்களாம், பதில் இல்லையாம். ராத்மிலா, அப்படி ஏதாவது வந்துச்சா?"

அந்த ஒரு நொடியில் அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "என் கைக்கு எதுவும் வரல மேடம்" என்றாள்.

யாகோதாவுக்குப் பேச்சு பாதிதான் புரிந்தது. ராத்மிலாதான் அதை அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. தன் வாயாலேயே சொன்னாள். மூடிவிட்டார்கள், நாளை முதல் மெஷினில் உட்கார முடியாது, மறுபடி முதலிலிருந்து போட வேண்டும் என்று.

யாகோதா அழவில்லை. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் எதையோ தப்பாப் பண்ணிட்டேன்க்கா. வீட்டு வாசல் தபால் பெட்டியில பேரு எழுதி ஒட்டணும்னு சொன்னாங்க. ஒட்டுனது மழையில கிழிஞ்சுபோச்சு. அதனாலதான் வராமப் போயிருக்கும். அய்யோ, ஒரு காகிதத்தைத் திரும்ப ஒட்டறதுக்குச் சோம்பேறித்தனம் பட்டேனே! துன்யாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

ராத்மிலா அவள் முதுகில் கை வைத்தாள். அந்தக் கையை என்ன செய்வதென்று அவளுக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நேனாத் கூப்பிட்டான். பண்டிகை எதுவும் இல்லை. அவள் பதறிப்போய் எடுத்தாள்.

"என்னடா, உடம்பு சரியில்லையா?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. யாகோதாக்காவுக்கு என்ன ஆச்சு? அவங்க அண்ணன் பெட்ரோல் போட வந்தாரு. காகிதம் எல்லாம் ரத்தாயிடுச்சுன்னாரு."

"ஆமா. அதுக்கா கூப்பிட்டே?"

"அந்தக் குட்டி வண்டியிலயே உக்காந்திருந்தா. எப்ப வந்தாலும் என்கிட்ட பேசுவா. உங்க அம்மாதான் அங்க இருக்காங்களே, ஸ்லோவாக் மொழியில நாய்க்கு என்ன சொல்லுவாங்க, பென்சிலுக்கு என்ன சொல்லுவாங்கன்னு கேட்டுச் சொல்லுன்னு உயிரை எடுப்பா. நான் போன்ல தேடிப் பாத்துச் சொல்லுவேன். இன்னிக்கு ஒண்ணுமே கேக்கல. ஜன்னல் கண்ணாடிய ஏத்திக்கிட்டா."

ராத்மிலா நினைத்ததைவிடச் சத்தமாக, வார்த்தை வெளியே வந்தது: "உன்னை யாராவது அப்படிக் கேட்டாங்களா? உனக்காக நான் எத்தனை படி ஏறினேன்! அப்ப யாரு கவலைப்பட்டா? அவ அஞ்சு வாரத்துல வந்தாடா! அஞ்சே வாரம்! ஒரு தடவையாவது அவளுக்கும் தெரியட்டும்."

போனில் ஒரு கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நேனாத் யாரிடமோ, "ரெண்டு நிமிஷம் இருங்க" என்றான். பிறகு கேட்டான்: "அம்மா, நீ ஏதாவது பண்ணியா?"

"நான் என்ன பண்ணேன்? ஒண்ணும் பண்ணல."

"அம்மா."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒரு லெட்டர் வந்துச்சு. குடுக்கல. அவ்வளவுதான். கிழிக்கல, எரிக்கல. குடுக்கல."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"பதினெட்டு முடிஞ்சுபோச்சுன்னு சொன்னாங்களே, அன்னிலேருந்து உன் மேல எனக்குக் கோவம்மா" என்றான் அவன். குரல் உயரவில்லை. "உன் தப்பு இல்லன்னு தெரியும். சட்டத்து மேலதான் கோவம். ஆனா சட்டத்துக்கு முகம் இல்லையே, யார்கிட்ட போய்க் காட்டறது? அதனால உன்கிட்ட காட்டிட்டேன். துன்யாவுக்கு அந்தக் கஷ்டம் இல்லம்மா. அவ கோவப்படறதுக்கு ஒரு முகம் இருக்கு. உன் முகம்."

போனை வைத்துவிட்டான். ராத்மிலா அப்படியே உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் வைத்த சூப் வற்றி அடிப்பிடித்த வாசனை வந்தது. எழுந்து அணைக்கவே கொஞ்ச நேரமாயிற்று. ஒன்பது வருஷமாக எந்த அதிகாரிகளையெல்லாம் நினைத்து நினைத்துச் சபித்தாளோ, அவர்களில் ஒருவர்கூட வேண்டுமென்றே அவள் காகிதத்தை ஒளித்துவைக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர்கள் விதியைப் பார்த்தார்கள், தேதியைப் பார்த்தார்கள், அவளைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இவளோ யாகோதாவின் முகத்தைத் தினமும் பார்த்துக்கொண்டே செய்தாள்.

திங்கட்கிழமை காலை ஓல்கா மேடம் கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் ராத்மிலா அறைக்குள் வந்து கடிதத்தை மேசையில் வைத்தாள்.

"இது ஜூலை மாசமே வந்துச்சு மேடம். நான்தான் ஒளிச்சு வெச்சேன்."

ஓல்கா மேடம் தேதியைப் பார்த்தார், ராத்மிலாவைப் பார்த்தார். "மறந்துட்டீங்களா?"

மறந்துவிட்டேன் என்று சொல்ல ஒரு வாசல் திறந்தது. ராத்மிலா அதில் நுழையவில்லை. "மறக்கல. பொறாமை. வேற காரணம் இல்ல."

"இதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுதா? இனிமே உங்களை லைனுக்குப் பொறுப்பா வெச்சிருக்க முடியாது. வேலையில வெச்சிருக்கறதே பெருசு."

"தெரியும் மேடம். அதை அப்புறம் பாத்துக்கலாம். இப்ப எனக்கு ஒரு நாள் லீவும், நடந்ததை எழுதித் தர ஆலை லெட்டர்பேடும் வேணும்."

இம்ரிஹ் வீட்டில் இல்லை. ஊருக்கு வெளியே தன் தோட்டத்தில் பிளம் பழம் பறித்துக்கொண்டிருந்த மனிதரைத் தேடிப் பிடித்து, ஏணியிலிருந்து இறக்கி, பழக்கறை படிந்த சட்டையோடு நோட்டரியிடம் அழைத்துப்போனாள். "என்னம்மா தீப்பிடிச்ச மாதிரி ஓடற?" என்று அவர் வழியெல்லாம் முனகினார். கையெழுத்துப் போட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அதன் பிறகுதான் யாகோதாவின் வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே பெட்டி பாதி கட்டிய நிலையில் கிடந்தது. ராத்மிலா வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். யாகோதா கேட்டுக்கொண்டே ஒரு துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"எத்தனை நாள் வெச்சிருந்த?" 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது.

"இருபத்தாறு நாள்."

"இருபத்தாறு நாளும் என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சுக் காபி குடிச்ச."

"ஆமா."

"தபால் பெட்டியில பேரு ஒட்டலைன்னு ராத்திரி பகலா என்னையே நான் திட்டிக்கிட்டிருந்தேன். நீ என் முதுகைத் தடவிக் குடுத்த." துண்டைப் பெட்டிக்குள் எறிந்தாள். "நான் உனக்கு என்ன பண்ணேன்? சொல்லு. உன் வழிய நான் அடைச்சேனா? உன் பையனை நான் வரவிடாமப் பண்ணேனா?"

"நீ ஒண்ணும் பண்ணல. நீ சிரிச்ச. அதை என்னால தாங்க முடியல."

யாகோதா அவளைப் பார்த்தாள். அடிக்கப் போகிறாள் என்றே ராத்மிலா நினைத்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் யாகோதா செருப்பை மாட்டிக்கொண்டு கதவைப் பூட்டினாள். "நட. ஆபீஸை மூடிடப் போறாங்க" என்றாள். பஸ்ஸில் இரண்டு பேரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள்.

போலீஸ் அலுவலகத்தில் கவுண்டரில் இருந்த பெண் அதிகாரி ஆலையின் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "நோட்டீஸ் ஆலைக்கு வந்துச்சு, ஆனா இவங்க கைக்குப் போகலன்னு எழுதியிருக்கு. யார் குடுக்கல, ஏன் குடுக்கலன்னு இல்லையே. பேரோட எழுதுங்க. அப்பத்தான் மேலதிகாரிகிட்ட இதைத் திரும்பத் திறக்கச் சொல்லிக் கேக்க முடியும்."

ராத்மிலா நின்றுகொண்டே எழுதினாள். தன் பெயர், பிறந்த தேதி, தன் அனுமதி அட்டை எண் எல்லாவற்றையும் எழுதினாள். ஏன் என்ற இடத்தில் பேனா ஒரு கணம் நின்றது. 'நான் பட்ட கஷ்டம் இவளுக்கும் வரவேண்டும் என்று நினைத்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இதனால் தன் அட்டைக்கே சிக்கல் வரலாம் என்று அவளுக்குத் தெரியும். அதிகாரி படித்துவிட்டு முத்திரை குத்தினார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆனால் தொலைந்த நாள்கள் திரும்பி வரவில்லை. அனுமதி அட்டை யாகோதாவின் கைக்கு வந்தபோது செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி. பள்ளிக்கூடம் திறந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. துன்யாவின் அப்பன் சொன்னபடியே அவளை நிஷுக்கு அழைத்துப்போய் அங்கே சேர்த்துவிட்டான். அவனிடம் கையெழுத்து வாங்க யாகோதா நான்கு முறை ஊருக்குப் போய் வந்தாள். கடைசியில் அரையாண்டு முடிந்து ஜனவரியில்தான் பெண்ணைக் கூட்டிவர முடிந்தது. நேனாத்தான் தன் பழைய காரில் எட்டு மணி நேரத்துக்கும் மேல் ஓட்டிக்கொண்டு வந்து விட்டான். வந்தவன் அம்மா வீட்டில் இரண்டு நாள் தங்கினான். கடிதத்தைப் பற்றிப் பேசவில்லை. குழாய் ஒழுகியதைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனான்.

ராத்மிலா சூப்பர்வைசர் பொறுப்பை இழந்து முப்பத்தொன்றாம் மெஷினில் உட்கார்ந்தாள். யாகோதா அவளோடு வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும் பேசினாள்.

மார்ச் மாதம் செர்பியாவிலிருந்து இன்னும் பன்னிரண்டு பெண்கள் வரப்போவதாக ஓல்கா மேடம் அறிவித்தார். நடைமுறை இன்னும் சுருங்கியிருந்தது. மூன்று வாரமே போதுமாம். அவர்களுக்கு உதவ யார் முன்வருகிறீர்கள் என்று கேட்டார். யாகோதா கையைத் தூக்கினாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "எனக்கு இந்த ஊர் மொழி சரியாப் படிக்க வராது மேடம். ராத்மிலாவும் கூட இருக்கட்டும். தனியா அவளை நம்ப எனக்கு மனசு வரல. ரெண்டு பேரா பாத்துக்கறோம்."

அன்று சாப்பாட்டுக் கூடத்தில், பாரம் தூக்கும் வண்டி ஓட்டும் மிலுன் தட்டோடு ராத்மிலா எதிரில் வந்து உட்கார்ந்தான். அவனும் பழைய வழியில் அலைந்து வந்தவன். அவளுக்கு முன்பே வந்தவன்.

"மூணு வாரமாம் ராத்மிலா! கேட்டியா? நாம செருப்புத் தேயத் தேய அலைஞ்சோம், இதுங்க விருந்துக்கு வர்ற மாதிரி வருதுங்க. நாலு வரிசையில நிக்க வெச்சு, நாலு ஆபீஸுக்குத் துரத்தினாத்தான் இந்த வேலையோட அருமை தெரியும். நீயும் போயி அவங்களுக்கு ஊழியம் பண்ணப் போறியாக்கும்?"

இரண்டு மேசை தள்ளி யாகோதா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தாள். ராத்மிலா அதைக் கவனித்தாள். கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படியாகவே பேசினாள்:

"மிலுன், நாம அலைஞ்சது நெசம். அநியாயமா அலைய வெச்சாங்க. அது தப்புன்னுதானே ஒன்பது வருஷமா நீயும் நானும் கத்திக்கிட்டிருந்தோம்? இப்பதான் அந்தத் தப்பைக் கொஞ்சம் திருத்தியிருக்காங்க. நமக்குக் கிடைக்கலைங்கறதுக்காக, வர்றவளுக்கும் கிடைக்கக் கூடாதுன்னு நெனச்சா, நம்மை அலைய வெச்சவங்களைவிட நாமதான் மோசம். எனக்குத் தெரியும். நான் அப்படி நெனச்சேன். ஒரு கொழந்தை நாலஞ்சு மாசம் அம்மா இல்லாம இருந்துச்சு. அதனால என் பையனோட ஒரு நாளாவது எனக்குத் திரும்பக் கிடைச்சுதா? கிடைக்கல. நாம பட்ட கஷ்டம் நம்மளோட முடியட்டும். அதுதான் அந்தக் கஷ்டத்துக்கு நாம குடுக்கற மரியாதை."

மிலுன் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான். யாகோதா எழுந்தாள். தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, ராத்மிலாவுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சாப்பிட ஆரம்பித்தாள்.